நாலு பேரையும் பிரிச்சு வுட்டுடு

அம்சவல்லிக்கு அந்த வாரம் முழுக்க ஒன்றுமே விளங்கவில்லை. முதலில் கம்ப்யூட்டர் விளங்கவில்லை. அதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததில், வீட்டில் இருந்தவர்களும் விளங்காமல் போனதை அவள் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தாள்.

ஜமுனாமரத்தூரில் கல்யாண வீடியோ என்றால் கோபால்சாமிதான். அவர் அம்சவல்லியின் கணவன் சந்திரனுக்கு அண்ணன். கேமரா பிடிப்பது அவர். விளக்குப் பிடிப்பதும் ஜீப் ஓட்டுவதும் சந்திரன். கோபால்சாமியின் மனைவி தேவயானி நிலம், மாடு, அடுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டாள். எடுத்துவந்த படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, கல்யாண வீட்டார் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்கிற மிக்சிங் வேலை அம்சவல்லியுடையது. பிள்ளைகள் மலைக்குக் கீழே விடுதியில் படித்தார்கள். மலையில் இருந்தது நாலு பேர், ஒரே வீடு, ஒரே உலை. வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. வாசலில் 'கோபால்சாமி வீடியோஸ்' என்று போர்டு தொங்கியது.

புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அம்சவல்லிக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பழக்கமில்லை. அப்போதெல்லாம் மிக்சிங்குக்குக் கீழே கொடுத்து வாங்குவார்கள். கீழே இருந்தவனுக்கு மலை ஜனம் எல்லாம் ஒரே முகம். ஒருமுறை மேலூர்க்காரன் கல்யாணத்தில் வேறெவனோ தாலி கட்டுகிற காட்சியைச் சேர்த்து அனுப்பிவிட்டான். பெண்ணின் அப்பா ஸ்டூடியோ வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார். அன்றைக்குத்தான் அம்சவல்லி, "நான் பாத்துக் கத்துக்கறேங்க மாமா" என்றாள். கற்றுக்கொண்டாள். எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தப்பாக அமுக்கி அமுக்கி எது சரி என்று தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு விசித்திரமான வாழ்க்கை வாய்த்தது. மலையில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். யார் பந்தியில் இரண்டாம் தரம் உட்கார்ந்தார்கள், எந்தப் பெண் தாலி ஏறும்போது வேறு பக்கம் பார்த்தாள், எந்த மாமன் சீர்த்தட்டை மூஞ்சியில் அடிக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனான், எல்லாம் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. சந்தையில் யாரையாவது பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இவள் ஏன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அவர்கள் முறைத்துக்கொண்டு போவார்கள்.

"கோபால்சாமி எடுத்தா வீடியோவுல சண்டையே இருக்காதுப்பா" என்று மலை முழுக்கப் பேச்சு. சண்டை இல்லாத கல்யாணம் எங்கே இருக்கிறது? அத்தனையும் நடந்திருக்கும். அவள் வெட்டி எடுத்திருப்பாள். பாராட்டு வரும்போது கோபால்சாமி தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டதை வாங்கிக் கொடுப்பார், குரல் உயர்த்திப் பேசமாட்டார். அவர் பாட்டுக்குப் படம் எடுக்கிறார், வெட்டுகிற கதை அவருக்கு எங்கே தெரியும் என்று அம்சவல்லி விட்டுவிடுவாள்.

அந்த வருஷம் புதுக் கேமரா வந்தது. அதில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மலை மாதிரி கனத்தது. பழைய ஹார்டு டிஸ்க் முனகிக்கொண்டே ஓடி, பாதி வழியில் நின்றது. போளூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்த அவள் தம்பி மோகன்தான் வழி சொன்னான். ஏதோ ஆபீசில் கழித்துவிட்ட பெரிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை அவன் முன்பே அவளுக்குத் தேடிக் கொடுத்திருந்தான். அதில் நீளமான ஸ்லாட் ஒன்று சும்மா கிடந்தது. அதில் செருகுகிற கார்டு ஒன்றும், அந்தக் கார்டின் மேல் படுக்கவைக்கிற மாதிரி படத்தைச் சேமித்துவைக்கிற விரல் நீள எஸ்.எஸ்.டி. நாலும் வாங்கி, பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். பழைய லேப்டாப்புகளில் இருந்து கழற்றிய எஸ்.எஸ்.டி., ஆனால் நல்லவை என்றான்.

அம்சவல்லி மூடியைக் கழற்றி, நாலையும் வரிசையாகக் கார்டில் பொருத்தி, சின்ன ஸ்க்ரூவைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்ளாத குறையாக முடுக்கி, கார்டை ஸ்லாட்டில் அழுத்தினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. தெரிந்தது.

மற்ற மூன்றும் செத்துவிட்டன என்று நினைத்தாள். கழற்றி, இரண்டாவதை முதல் இடத்தில் வைத்துப் போட்டாள். அது தெரிந்தது. முதலில் தெரிந்தது இப்போது காணோம். மூன்றாவதை வைத்தாள், அதுவும் தெரிந்தது. நாலாவதும் அப்படியே. நாலும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் முதல் இடத்தில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இது என்ன நியாயம் என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். அதில் மோகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். "பாத்துட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பறேன்க்கா, ஸ்டூடியோ போன்ல கேட்டுக்க" என்றான் அவன். ஸ்டூடியோ போன் எப்போதும் மிக்சிங் மேசை மேல்தான் கிடக்கும். கல்யாணம் நெருக்கி வந்த மாதம் என்பதால் கோபால்சாமி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். மோகனுக்கு இது தெரியாது.

அப்புறம் நடந்ததை அம்சவல்லி அறியவில்லை. நாம் அறிந்துகொண்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. செங்கத்தில் ஒரு காதுகுத்து வீடு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கோபால்சாமி, போனில் மோகன் பெயரைப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டார். பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"அக்கா, நல்லா கேளு. நாலு பேரையும் ஒரே எடத்துல ஒண்ணா வெச்சிருந்தா, மொதல்ல நிக்கிறவரு ஒருத்தருதான் வெளிய தெரிவாரு. மத்த மூணு பேரும் உள்ள இருந்தும் இல்லாத மாதிரிதான். அவங்க மேல தப்பு இல்ல. அதுக்கு ஒரே வழிதான், பிரிச்சு வுட்டுடு. நாலா பிரிச்சாத்தான் அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு. பயப்படாத, பிரிச்சா ஒண்ணும் கெட்டுப்போவாது. பெரிய மாமாவ கேட்டுகிட்டு நிக்காத, அவருக்கு இதெல்லாம் புரியாது. நீயே ஒக்காந்து முடிச்சுடு."

கடைக்காரப் பசங்களுக்கு இது பழக்கம். கையில் எடுக்கிற சாமானை எல்லாம் அவன், இவர், நாலு பேர் என்றுதான் சொல்வார்கள். தம்பியோடு பேசிப் பேசி அம்சவல்லிக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. மோகன் சொன்னது எஸ்.எஸ்.டி.யை. நீளமான ஸ்லாட்டில் பதினாறு வழி இருக்கிறது, அதை நாலு நாலாகப் பிரித்துக்கொள் என்று பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மொத்தத்தையும் முதலில் நிற்பதற்கே கொடுத்துவிடும். இது கோபால்சாமிக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருப்பது நாலு பேர். முதலில் நிற்பவர் அவர். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் அம்சவல்லி ஓடி வந்தாள்.

"மாமா, மோகன் எதனா அனுப்பிச்சானா?"

"அனுப்பிச்சான்" என்றார் கோபால்சாமி. அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "உனக்கும் அதான் சரின்னு தோணுதா?"

"தோணாம இன்னா மாமா. வேல எல்லாம் நிக்குது. ஒருத்தர மட்டும் வெச்சிகிட்டு எத்தன நாளைக்கு ஓட்ட முடியும்?"

கோபால்சாமி கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். "சரி. ஞாயித்துக்கெழம முடிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. மோகன் லீவு போட்டு நேரில் வருகிறான் போலிருக்கிறது என்று தானே ஒரு அர்த்தம் செய்துகொண்டாள்.

மறுநாள் அடுப்படிக்குப் போனால் தேவயானி சாமையை இரண்டு குண்டானில் அளந்துகொண்டிருந்தாள். ஒன்றை அம்சவல்லி பக்கம் தள்ளினாள்.

"இது எதுக்குக்கா?"

"பழகிக்கணும் இல்ல" என்றாள் தேவயானி. அவள் மூக்கு சிவந்திருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

அம்சவல்லி குண்டானைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்தினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே தட்டில் மீதியை வழித்துச் சாப்பிட்டவர்கள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பட்டது. எந்தத் தப்பு என்று தெரியவில்லை. சாமைக்குத் தண்ணீர் கூட வைத்துவிட்டோமா, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்தோமா என்று பழைய கணக்கெல்லாம் புரட்டிப் பார்த்தாள். கேட்டால் தேவயானி, "நீ இன்னா பண்ணுவ, உனக்கும் ஆசை இருக்காதா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். குழப்பம் இரட்டிப்பாயிற்று.

சந்திரனிடம் கேட்டாள். அவன் கதை அதைவிட மோசம்.

"அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மேலண்ட நெலம் வேணுமா, கீழண்ட வேணுமான்னு கேட்டாரு" என்றான்.

"நீ இன்னா சொன்ன?"

"கீழண்டதான் ஈரம் நிக்கும், அதுல போட்டா வெளையும்னு சொன்னேன். அவரு ஒரு மாதிரி பாத்தாரு. புளிய மரம் எது எதுன்னாரு. எல்லாத்தயும் உலுக்கிடலாம்னேன். எழுந்து போய்ட்டாரு. விதைக்கறதுக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்குது, இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்கறாருன்னு தெரியல."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ, செங்கத்தில் ஏதாவது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மறைக்கிறாரோ என்று சந்திரன் பயந்தான். அம்சவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. மோகனுக்குப் போன் போட்டாள். "எல்லாத்தயும் மெசேஜ்ல சொல்லிட்டேனேக்கா, ஞாயித்துக்கெழம பெரிய மாமா வரச் சொல்லியிருக்காரு, வந்து" என்றதோடு சிக்னல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்கவுண்டர் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட இரண்டு பெரியவர்கள். மலையில் வீடு பிரிப்பதென்றால் ஊர்க்கவுண்டர் முன்னால், பெண்ணின் பிறந்த வீட்டு ஆளையும் வைத்துக்கொண்டுதான் பிரிப்பது வழக்கம். அம்சவல்லிக்கு அந்த வழக்கம் தெரியும். ஆனால் அது தன் வீட்டு வாசலில்தான் நடக்கிறது என்று அவளுக்கு உறைக்கவில்லை. கோபால்சாமியின் உடம்பைப் பற்றிப் பேசத்தான் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மோகன் போளூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் துருத்திக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பார்க்க இத்தனை பேர் கூடுவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஊர்க்கவுண்டர் அவனை உட்காரச் சொன்னார். "இன்னாப்பா, நீதான் பிரிக்கச் சொன்னியா?"

"ஆமாங்க."

"வேற வழியே இல்லையா? ஒண்ணாவே இருக்கட்டும்னு சொல்ல மாட்டியா?"

"ஒண்ணா இருந்தா ஒருத்தருதாங்க வேல செய்வாரு. மத்தவங்க சும்மா குந்திகிட்டு இருப்பாங்க."

பெரியவர்களில் ஒருவர் கனைத்தார். கோபால்சாமி தரையைப் பார்த்தார். சந்திரன் ஒன்றும் புரியாமல் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"சரி. எத்தன பாகம்?"

"நாலு பாகங்க."

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு. நாலு பாகம் எப்பிடிப்பா வரும்?"

"நாலு பேருக்கு நாலுங்க" என்றான் மோகன். இவ்வளவு பெரிய மனிதருக்கு இந்தச் சின்னக் கணக்குத் தெரியவில்லையே என்ற பரிதாபம் அவன் குரலில் இருந்தது. "மொத்தம் பதினாறு. ஆளுக்கு நாலு. யாருக்கும் கொறையாது."

"நம்மகிட்ட ஏதுப்பா பதினாறு ஏக்கர்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அப்போதுதான் டீத் தட்டோடு நின்ற அம்சவல்லிக்கு, இருட்டறையில் சுவிட்சைத் தட்டிய மாதிரி எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. சாமை, நிலம், புளிய மரம், தேவயானியின் மூக்கு.

"டேய் மோகா" என்றாள். "நீ எதப் பிரிக்கச் சொல்ற?"

"கார்டுக்கு வர்ற வழியத்தான்க்கா. வேற எத?"

கோபால்சாமி போனை எடுத்து மெசேஜைத் திரும்பவும் போட்டார். இந்த முறை எல்லோரும் கேட்டார்கள். மோகன் கேட்கக் கேட்க முகம் வெளிறி, கடைசி வரிக்கு வந்தபோது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஸ்டூடியோவுக்குள் ஓடி, கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து ஊர்க்கவுண்டர் மடியில் வைத்து, "இவருங்க, இவருங்க, இவருங்க, இவரு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். ஊர்க்கவுண்டர் நாலு பேரையும் விரலால் தடவிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. தேவயானி அடுப்படியிலிருந்து வந்து அம்சவல்லியைக் கட்டிக்கொண்டு, "பாவி, நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லடி" என்று அழுதாள். சந்திரன்தான் கடைசிவரை, "அப்ப அண்ணனுக்கு உடம்பு நல்லாத்தான இருக்குது?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஊர்க்கவுண்டரையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு அவன் எதிர்க்கடைக்குப் போனான். வீட்டு டீ யார் கைக்கும் போகாமல் ஆறிப்போயிருந்தது.

மோகன் கார்டைத் திரும்பச் செருகி, பெட்டி கண் விழிக்கும்போதே ஒரு பட்டனை அமுக்கி, பெட்டியின் அமைப்பை மாற்றுகிற பயாஸ் பக்கத்துக்குள் போனான். அந்த ஸ்லாட்டின் பெயருக்கு நேராக மொத்தம் பதினாறு என்றிருந்ததை, நாலு, நாலு, நாலு, நாலு என்று மாற்றினான். அவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் திரும்பக் கிளம்பியபோது நாலும் வரிசையாக வந்து நின்றன. அம்சவல்லிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று நெருடியது. எல்லாம் விளங்கிவிட்டது, ஒன்று மட்டும் விளங்கவில்லை.

கோபால்சாமி கதவோரம் வந்து நின்றார். சங்கடமாக இருந்தால் அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கேமரா வாரை முறுக்குவார். இப்போது கேமரா இல்லை, சட்டை நுனியை முறுக்கினார்.

"ஏன் மாமா" என்றாள் அம்சவல்லி. "அவன் ஏதோ ஒளறி வெச்சான், சரி. நீங்க எப்பிடி நம்பனீங்க? இத்தன வருஷத்துல நான் ஒரு நாளாவது அப்பிடிப் பேசியிருக்கேனா? என்னைக் கூப்புட்டு, ஏம்மா இதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"கேக்கறதுக்கு வாய் வரல" என்றார் அவர்.

"ஏன்?"

"ஞாயந்தானேன்னு தோணுச்சு." அவர் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "சண்டையெல்லாம் நீ எடுத்துப்போட்டுட்டுத் தர்றது எனக்குத் தெரியாதா? ஊரு என்னை மெச்சுது. நானும் ஆமான்னு நின்னுகிட்டு இருக்கேன். இந்தப் பொண்ணு என்னிக்காவது கேக்கும், கேட்டா குடுத்துதான் ஆவணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிகிட்டே இருந்துச்சு. அதான், அந்த மெசேஜக் கேட்டதும், சரி, கேட்டுடுச்சுன்னு நெனச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். பாரம் இறங்கிய சிரிப்பு. "நல்ல வேளை, அது இல்ல" என்றார்.

மோகன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

அம்சவல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருக்குத் தெரியாது என்பதை வைத்துத்தான் அவள் இத்தனை வருஷமும் மனசைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள். தெரியாமல் வாங்கிக்கொள்கிற மனிதரோடு கோபித்துக்கொள்ள முடியாது. தெரிந்தே வாங்கிக்கொண்டிருக்கிறார். அவள் கேட்கட்டும் என்று காத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். அவள் கேட்காமலே இருந்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. வந்தது கோபமா, அழுகையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நல்ல மனிதர் எப்படி இதைச் செய்தார் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க, அவர் நல்லவர் என்பதும் மாறவில்லை, செய்தது என்னவோ அதுவும் மாறவில்லை.

"ஊர்க்கவுண்டரு கெளம்பிட்டாரா மாமா?"

"எதிர்க்கடையில டீ குடிச்சிகிட்டு இருக்காரு. ஏன்?"

என்ன கேட்கப்போகிறோம் என்று அவளுக்கு இன்னும் தெளிவில்லை. பேரா, பாகமா, வேறு எதுவா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. தேவயானியின் முகத்தை நினைத்தால் பயமாகக்கூட இருந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இந்த நாற்காலியில் இனி உட்கார முடியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்க" என்றாள். "நான் இன்னும் எதுவும் கேக்கல."